தம்பிக்கு நான் போடாத முடிச்சு

கெட்டிமேளம் கொட்டியபோது நான் மண்டபத்து ஸ்டோர் ரூமில் இருந்தேன்.

இலுப்பூரில் மெயின் ரோட்டை ஒட்டிய மண்டபம் அது. ஸ்டோர் ரூம் சமையற்கட்டுக்குப் பக்கத்தில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. ஒரு சுவரோரம் தேங்காய் மூட்டைகள், எதிரே வாழைத்தார்கள், நடுவில் ஈரச்சாக்கு போர்த்திய வெற்றிலைக் கூடை. வெல்லமும் தேங்காய் நாரும் கலந்த வாசனை. தலைக்கு மேல் டியூப் லைட் ஒன்று எரிவதும் அணைவதுமாக இருந்தது.

தாம்பூலப் பைக்குத் தேங்காய் குறைகிறது, போய்ப் பார் என்று அம்மா அனுப்பியிருந்தாள். தேங்காய் குறையவில்லை. குறையாது என்று எனக்குத் தெரியும். வாங்கி இறக்கியதே நான்தான். அம்மாவுக்கும் தெரியும்.

திடீரென்று நாகஸ்வரமும் தவிலும் வேகமெடுத்தன. சமையல் ஆட்கள் கரண்டியை அப்படியே போட்டுவிட்டு, ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாசல் பக்கம் ஓடினார்கள். ஒருவர் மட்டும் என்னைப் பார்த்து நின்றார்.

"என்னம்மா, மாப்பிள்ளைக்கு அக்கா இங்க நிக்கிறீங்க? அங்கிட்டு தாலி கட்டுறாங்க, ஓடுங்க!"

"தேங்காய் பாக்கணும்ணே" என்றேன்.

மேளம் ஓய்ந்தபோது என் தம்பி பிரபுவுக்குக் கல்யாணம் முடிந்திருந்தது.

கூடப் பிறந்தவளுக்கு உள்ள வேலை

எங்கள் பக்கத்தில் தாலிக்கு மூன்று முடிச்சு. முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவார். மற்ற இரண்டையும் அவருடன் பிறந்தவள் போடுவாள். மணப்பெண்ணுக்குப் பின்னால் நின்று, அவள் கழுத்து மாலையையும் சடையையும் ஒதுக்கி, தம்பியோ அண்ணனோ பிடித்திருக்கும் கயிற்றை வாங்கி முடிவாள். நாத்தனார் முடிச்சு என்று பெயர். கூடப் பிறந்தவள் இல்லாதவனுக்குச் சித்தப்பா மகளோ பெரியப்பா மகளோ போடுவாள். இருக்கும்போது வேறு யாரும் போடுவதில்லை.

ஏன் அவள் போட வேண்டும் என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள். இந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு வருவதற்கு நான் சாட்சி, இவளுக்கு ஒன்று என்றால் நான் பொறுப்பு என்று அர்த்தமாம். சிலர், அவன் கை நடுங்கி முடிச்சு அவிழ்ந்துவிடக் கூடாதென்றுதான், வேறொன்றும் இல்லை என்பார்கள். எனக்கு இரண்டாவது பிடிக்கும். நான் திருச்சியில், கொதிகலன் பாகங்கள் செய்யும் ஒரு பட்டறையில் வெல்டிங் பரிசோதகர். ஒருவர் செய்த இணைப்பை இன்னொருவர் பார்த்துச் சரி என்று சொல்வது எனக்குப் புரிகிற விஷயம்.

ஆனால் அந்த முடிச்சை நான் விரும்பியதற்கு இதெல்லாம் காரணமில்லை. பிரபு என் தம்பி. அப்பா இறந்தபோது அவன் பள்ளிக்கூடத்தில் இருந்தான். அவனுடைய டிப்ளமா சேர்க்கைக்கு வரிசையில் நின்றது நான். பாஸ்போர்ட்டுக்கு அலைந்தது நான். துபாய்க்கு முதல்முறை கிளம்பியபோது அவன் பெட்டியை மூன்று தடவை பிரித்து எடை பார்த்து அடுக்கியது நான். 'ஊறுகாய எடுத்துட்டு பேண்ட்ட வைக்கிறியேக்கா' என்று அன்றைக்கு அழுதான்.

பெண் நிச்சயமானதும் அங்கிருந்து வீடியோ காலில் வந்தான்.

"அக்கா, முடிச்சு நீதான் போடுற. இப்பவே சொல்லிட்டேன். அன்னைக்குப் பாத்து லீவு கெடைக்கலைன்னு சொல்லிராத."

"போடா. நான் இல்லாம ஒனக்குக் கல்யாணம் நடந்துருமா?"

"அதான் சொல்றேன். வேற யாரு இருக்கா எனக்கு?"

அந்த வாரம் முழுக்க நான் பட்டறையில் சிரித்த முகமாக இருந்தேன் என்று என்னுடன் வேலை பார்ப்பவர்கள் பின்னால் சொன்னார்கள்.

என் கழுத்து

என் கல்யாணம் ஏன் முறிந்தது என்று இந்த இதழில் வரும் இந்தத் தொடரில் முன்பே எழுதிவிட்டேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரே வரி: அவர் அடித்தார், நான் வந்துவிட்டேன்.

இங்கே சொல்ல வேண்டியது வேறு. என் கழுத்திலும் ஒரு நாத்தனார் இரண்டு முடிச்சு போட்டார். கயிற்றோடு என் பின்கழுத்து முடியையும் சேர்த்து முடிந்துவிட்டார். சுள்ளென்று இழுத்தது. 'பொண்ணு சிரிங்க' என்றார் போட்டோக்காரர். சிரித்தேன். அன்றைக்கு எடுத்த படங்களில் எனக்குக் கண் கலங்கியிருப்பதைப் பார்த்து, தாலி ஏறும்போது பெண்ணுக்கு எவ்வளவு உருக்கம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

அவ்வளவு இறுக்கிப் போட்ட முடிச்சை மூன்றாம் மாதமே பிரித்து, தாலியைத் தங்கச் செயினில் கோர்த்தார்கள். அதுவும் ஒரு சடங்கு. செயினுக்குக் கொக்கி உண்டு. கழற்றுவது சுலபமாக இருந்தது.

கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது வாசலுக்கு அம்மாதான் வந்தாள். கதவைத் திறந்து, என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, "சாப்புட்டியா?" என்றாள். அந்த ஒரு கேள்விக்காக நான் அம்மாவுக்குப் பல காலம் நன்றியோடு இருந்தேன். அவளை நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தேனோ என்று இப்போது தோன்றுகிறது. என் பக்கம் நிற்கிறாள் என்று நினைத்தேன். அவள் தன் வரிசைக்கு என்னை வரவேற்றிருக்கிறாள்.

அம்மா விதவை. நல்ல காரியங்களில் எங்கே நிற்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. அவளே போய் நின்றுகொள்வாள். பிரபு கல்யாணத்தில் பெற்றோர் இடத்தில் பெரியப்பாவும் பெரியம்மாவும் உட்காருவார்கள் என்று முடிவு செய்ததும் அவள்தான். நான் சண்டை போட்டேன்.

"நீ ஏம்மா மேடையேறக் கூடாது? யாரு தடுப்பா?"

"தடுக்க யாருடி இருக்கா? நானே ஏற மாட்டேன். ஏம் புள்ளைக்கு நானே கெடுதல் நெனப்பேனா?"

"நீ நின்னா கெடுதல்னு யாரும்மா சொன்னா?"

"ஒனக்கு எல்லாத்துக்கும் ஒருத்தரு எழுதிக் குடுக்கணும், கையெழுத்துப் போட்டு" என்று முறுக்கு மாவைப் பிசைந்துகொண்டே சொன்னாள். சிரிக்கவில்லை.

கால் போகிற இடம், கை படுகிற இடம்

எதையும் பட்டியல் போட்டுப் பார்ப்பது என் பழக்கம். தொழிலால் வந்தது. கல்யாண வேலைகளையும் அப்படித்தான் பிரித்துக்கொண்டேன்.

என்னிடம் கொடுக்கப்பட்டவை: மண்டபம் பேசுவது, சமையலுக்கு ஆள் பிடிப்பது, பத்திரிகையில் எழுத்துப்பிழை பார்ப்பது, வேன், ஜெனரேட்டர், தேங்காய், வெற்றிலை, ரூம் சாவிகள், துபாயிலிருந்து வரும் தம்பியின் நண்பர்களைத் திருச்சி விமான நிலையத்தில் போய் அழைத்து வருவது.

என்னிடம் கொடுக்கப்படாதவை: மஞ்சள் இடிப்பது, தாலிக்குப் பொன் உருக்கும்போது கூட நிற்பது, பந்தக்காலுக்குப் பால் ஊற்றுவது, நலங்கு வைப்பது, ஆரத்தி எடுப்பது.

முதல் பட்டியல் நீண்டுகொண்டே போனது. இரண்டாவதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. ஒவ்வொன்றாக நடந்து முடிந்த பிறகு நானாகச் சேர்த்துக்கொண்டது.

பந்தக்கால் ஊன்றிய காலை ஞாபகம் இருக்கிறது. குளத்தூரில் எங்கள் வீட்டு வாசலில் குழி தோண்டி, மூங்கிலில் மாவிலையும் நவதானிய முடிச்சும் கட்டியிருந்தார்கள். அடுப்படியிலிருந்து பால் செம்பைக் கொண்டுவந்தது நான். குழிக்கு நாலடி இருக்கும்போது பெரியம்மா என் முன்னால் வந்து நின்றார். நல்ல உயரம், அகலக் கரைச் சேலை, நெற்றி நிறையக் குங்குமம்.

"இங்கிட்டு குடு தாயி."

கொடுத்தேன். அவர் அதை என் சித்தப்பா மகள் சுதா கையில் கொடுத்தார். சுதா அறந்தாங்கியில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் மஸ்கட்டில். என்னைவிடச் சின்னவள், பயந்த சுபாவம். செம்பை வாங்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. பால் ஊற்றினாள். பாதி அவள் கால் மேலேயே விழுந்தது.

"குழிக்கு ஊத்தச் சொன்னா காலுக்கு ஊத்துறா பாரு!" என்று பெரியப்பா சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். பிறகு அவர் என் பக்கம் திரும்பி, "எஞ்சினியரம்மா, கம்பு நேரா நிக்குதான்னு ஒரு டெஸ்ட்டு போட்டுச் சொல்லும்மா. அது ஒன் டிபார்ட்மெண்டு" என்றார்.

கம்பு சாய்ந்திருந்தது. சொன்னேன். சரி செய்தார்கள்.

நல்ல மனுஷர் பெரியப்பா. என் மனம் நோகக் கூடாதென்றுதான் அந்த வேலையைக் கொடுத்தார். வீட்டில் எல்லாருமே அப்படித்தான் இருந்தார்கள். ஒருவர் கூட ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. 'நீ இல்லாட்டி இந்தக் கல்யாணமே நடக்காது தாயி' என்று ஒரு நாளைக்கு நாலு பேர் சொன்னார்கள். எனக்கே அது நன்றாகத்தான் இருந்தது.

மற்றதெல்லாம் போகட்டும், முடிச்சு இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். பிரபு சொல்லியிருக்கிறான்.

மாம்பழக் கலர்

முடிச்சுப் போடும் நாத்தனாருக்குப் பெண்வீட்டார் பட்டுச்சேலை எடுத்துக் கொடுப்பது வழக்கம். கல்யாணத்துக்கு முன் மணப்பெண் பவித்ரா எனக்குப் போன் செய்தாள். பி.காம் முடித்தவள், கலகலப்பாகப் பேசுவாள்.

"அண்ணி, கடையிலதான் நிக்கிறோம். ஒங்களுக்கு என்ன கலரு புடிக்கும்?"

"எதுன்னாலும் எடும்மா."

"அதெல்லாம் வேணாம். எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க, அப்புறம் பொட்டிக்குள்ளயே வச்சுருவாங்க. சொல்லுங்க அண்ணி."

"மாம்பழக் கலர். பச்சைக் கரை இருந்தா நல்லாருக்கும்."

"சூப்பரு. எனக்கும் அதுதான் மனசுல இருந்துச்சு" என்றாள்.

கல்யாணத்தன்று காலையில் மாப்பிள்ளை அறைக்கு வெளியே, நான் சாவிக்கொத்தோடு நின்றிருந்தேன். சேலை இன்னும் என் கைக்கு வரவில்லை. முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் கொடுப்பார்கள், மாற்றிக்கொள்ள நேரம் வேண்டுமே என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். தலைக்கு மல்லிகை கூட வைத்தாயிற்று.

பெண்கள் அறைக் கதவு திறந்தது. சுதா வெளியே வந்தாள். மாம்பழக் கலர் பட்டு. பச்சைக் கரை.

என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். திரும்ப உள்ளே போகலாமா என்று யோசித்தவள் போல் ஒரு காலைப் பின்னால் வைத்தாள். பிறகு, "அக்கா... நல்லாருக்கா?" என்றாள்.

வேறு என்னதான் கேட்பாள், பாவம்.

"நல்லாருக்கு. மடிப்புதான் சரியா வரலை. இங்க வா."

உட்கார்ந்து அவள் கொசுவத்தைப் பிரித்து, விரலால் நீவி, மறுபடி மடித்து ஊக்குக் குத்திவிட்டேன். புதுப் பட்டு மொடமொடவென்று இருந்தது. கஞ்சி வாசனை.

அம்மா அந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டே வந்தாள். அவளைத் தூணோரம் இழுத்துப் போனேன்.

"சுதாவா போடப் போறா?"

அம்மா மேடையைப் பார்த்தாள். "பெரியம்மா சொல்லிருச்சு."

"பொண்ணு வீட்டுல ஏதும் சொன்னாங்களா?"

"எல்லாத்தையும் வாய விட்டாடி சொல்லுவாங்க? நாமளா நடந்துக்கணும். அவங்க ஒத்தப் பொண்ணக் குடுக்குறாங்க, மனசுக்குள்ள என்ன இருக்குமோ."

"பிரபு?"

"அவன எதுக்கு இழுக்குற? மாப்பிள்ளைக் கோலத்துல நிக்கிற புள்ளைய." குரலைத் தாழ்த்தினாள். "நான் ஒதுங்கி நிக்கலையா? எனக்கு என்ன கொறைஞ்சு போச்சு? நீ ஒரு எட்டு போயி, தாம்பூலப் பைக்குத் தேங்காய் கொறையுதாம், பாத்துட்டு வா."

மேடையில் பிரபு உட்கார்ந்திருந்தான். ஹோமப் புகைக்கு நடுவே ஒருமுறை என் பக்கம் பார்த்தான். உடனே ஐயர் சொன்ன மந்திரத்தைத் திருப்பிச் சொல்லக் குனிந்துகொண்டான். மந்திரம் சொல்வதில் அவனுக்கு அவ்வளவு சிரத்தை இருந்து நான் பார்த்ததே இல்லை.

பெண்வீட்டார் தயங்கியிருக்கிறார்கள், எங்கள் ஆட்கள் பயந்திருக்கிறார்கள், அவன் வாயடைத்துப் போயிருக்கிறான் என்று நானே ஒரு காரணம் எழுதிக்கொண்டேன். அப்படி நினைத்தால் கோபப்பட வேண்டியவர்கள் அந்நியர்கள். அது கொஞ்சம் தாங்கக்கூடியதாக இருந்தது.

ஸ்டோர் ரூமுக்குப் போனேன்.

முதல் பந்தி

மணமக்களோடு நெருங்கிய சொந்தங்கள் உட்காரும் பந்தி. பிரபுவும் பவித்ராவும் எதிர் வரிசையில், எனக்கு நேராக. பவித்ரா தன் இலையிலிருந்த ஜாங்கிரியைப் பிய்த்து அவன் இலையில் வைக்க, அவன் நண்பர்கள் 'ஊட்டி விடுங்க சிஸ்டர்' என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

என் பக்கத்து நாற்காலியில் பவித்ராவின் அம்மா வந்து உட்கார்ந்தார். இரண்டு நாளாகத் தூங்காத முகம். ஆனாலும் சிரித்த முகம். நான் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன்.

"ஏந்தாயி மாலதி, எலையில ஒண்ணுமே கொறையலையே. கூட்டு புடிக்கலையா?"

"சாப்பிடுறேன் அத்தை."

"ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது." என் பக்கம் சாய்ந்தார். "படிச்ச புள்ளைக்கு நான் சொல்லக் கூடாது. இருந்தாலும் மனசு கேக்க மாட்டேங்குது. ஒங்களுக்கு நம்பிக்கை இருக்கோ இல்லையோ, கூடப்பொறந்த தம்பிக்கு ரெண்டு முடிச்சு போடுறதுல என்ன தாயி வந்துருச்சு?"

எனக்கு விளங்கவில்லை. "என்ன நம்பிக்கை அத்தை?"

"அதான், இந்தச் சாங்கியம் சம்பிரதாயமெல்லாம் ஒங்களுக்குப் புடிக்காதாம்ல. மேடைக்கே வர மாட்டேன்னுட்டீங்கன்னு மாப்பிள்ளை சொன்னாரு. போன வாரம் போன் போட்டுச் சொன்னாரு. அன்னைக்கு முழுக்கப் பவித்ரா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்தா. ஒங்களைக் கேட்டுக் கேட்டு எடுத்த சேலையில்ல?"

அப்பளம் வைக்க வந்தவர் என் கையின் மேல் வைத்துவிட்டுப் போனார்.

"நீங்க பிரிஞ்சு வந்த கதையெல்லாம் எங்களுக்குத் தெரிஞ்சதுதான் தாயி. அதுனாலதான் ஒதுங்குறீங்களோன்னு அவருகிட்டயே கேட்டேன். 'அதெல்லாம் இல்லத்தை, அக்காவேதான் வேணாம்னுட்டா'ன்னாரு. எங்க வீட்லயும் ஏஞ் சின்ன நாத்தனா அப்படித்தான் வந்து இருக்கா. காலையில பவித்ராவுக்குப் பூ வச்சுவிட்டதே அவதான். அதெல்லாம் ஒரு கொறையா?"

எதிர் வரிசையில் பிரபுவின் கை இலை மேலேயே நின்றுவிட்டது. கூச்சலில் அவன் காதில் எல்லாமே விழுந்திருக்காது. ஆனால் தன் மாமியார் என்ன கேட்கிறார் என்று என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டான். அவன் கண் என்னிடம் கெஞ்சியது. பெட்டியிலிருந்து ஊறுகாயை எடுத்தபோது பார்த்த அதே பார்வைதான், மீசை மட்டும் புதிது.

அவன் பக்கத்தில் பவித்ரா சிரித்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் மஞ்சள் கயிறு இன்னும் ஈரமாக இருந்தது. நான் உண்மையைச் சொன்னால், கல்யாணம் ஆகிச் சாப்பிடும் முதல் சாப்பாட்டிலேயே, புருஷன் ஒரு வாரத்துக்கு முன்பே தன்னிடம் பொய் சொல்லியிருக்கிறான் என்று அந்தப் பெண் தெரிந்துகொள்வாள்.

"ஆமா அத்தை. எனக்கு அதுலயெல்லாம் நம்பிக்கை இல்லை."

அவர் பெருமூச்சு விட்டார். "என்ன படிப்போ போங்க. ஆயிரம் இருந்தாலும் ஒத்தத் தம்பி. அவரு மனசு எவ்வளவு சங்கடப்பட்டுருக்கும்?"

"தப்புதான் அத்தை."

பிரபு மறுபடி சாப்பிட ஆரம்பித்தான். எங்கள் வரிசையைக் கவனித்துக்கொண்டு பின்னால் நின்றிருந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். வந்து, பாயசத்தை என் இலையில் இரண்டாம் முறை ஊற்றினாள்.

ஜெனரேட்டருக்குப் பின்னால்

மண்டபத்தைக் காலி செய்யும்போது, பின்பக்கம் டீசல் மீதி எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பிரபு வந்தான். நெற்றியில் சந்தனம் வெடித்திருந்தது.

"நல்லவேளைக்கா, நீ சமாளிச்ச. தேங்க்ஸ்."

டீசல் கேனின் மூடியைத் திருகி மூடினேன்.

"நான் கெட்டதாச் சொல்லலைக்கா. நீ பெரிய படிப்பு, ஒனக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா இல்லைன்னுதான் சொன்னேன். பெருமையாத்தான் சொன்னேன். பெரியம்மா வேணாம்னு ஒத்தக் கால்ல நின்னுச்சு. அம்மாவும் அழுவுது. எங்கக்கா வாழாவெட்டி, அதுனால வேணாம்ங்கிறாங்கன்னு நான் போய்ச் சொல்ல முடியுமா? அவங்க ஒன்னை என்ன நெனப்பாங்க?"

"அவங்க ஒண்ணும் நெனக்கலையேடா. அந்த வார்த்தைய ஒன் வாயிலதான் கேக்குறேன்."

தலையைக் குனிந்துகொண்டான்.

"எங்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா நீ அழுவ."

"இன்னைக்கு அழுதேனா?"

"இல்ல."

"அப்புறம்?"

உள்ளேயிருந்து நண்பர்கள் கூப்பிட்டார்கள். வாரேன் வாரேன் என்று போய்விட்டான்.

நம்பிக்கை இல்லாதவள்

இது நடந்தது போன ஆவணியில். பிரபு துபாய்க்குத் திரும்பிவிட்டான். பவித்ரா குளத்தூரில் எங்கள் அம்மாவோடு இருக்கிறாள். மாசமாக இருக்கிறாள்.

இலுப்பூர்க் கல்யாணத்துக்கு வந்த சொந்தங்களிடையே எனக்கு ஒரு பெயர் நிலைத்துவிட்டது. தம்பிக்கு முடிச்சுப் போட மறுத்த அக்கா. யாரோ ஒரு வீட்டில் மகளை எஞ்சினியரிங் சேர்ப்பது பற்றிப் பேச்சு வந்தபோது, 'படிக்க வச்சா அந்த மாலதி மாதிரி ஆயிரும்' என்றார்களாம். பெரியம்மா அங்கே இருந்திருக்கிறார். மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. அவரை நான் குற்றம் சொல்ல முடியாது, அவர் எதையும் இட்டுக்கட்டவில்லை. நம்பிக்கை இல்லை என்று சொன்னது என் வாய்தான்.

அந்தப் பொய் எங்கள் வீட்டுக்கு எவ்வளவு வசதியானது என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. இனி என்னை யாரும் ஒதுக்க வேண்டியதில்லை. செம்பைக் கையிலிருந்து வாங்க வேண்டியதில்லை. தேங்காய் எண்ண அனுப்ப வேண்டியதில்லை. யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை, யார் மேலும் பழி இல்லை. நானே வேண்டாம் என்றவள்.

மூன்று வாரத்துக்கு முன்பு பவித்ராவின் அம்மா திருச்சிக்குப் போன் செய்தார். பங்குனியில் வளைகாப்பு, நாள் குறித்தாயிற்று, குளத்தூரில் எங்கள் வீட்டில் வைத்துத்தான். வெள்ளை மனதோடு பேசினார்.

"ஒங்களுக்குத்தான் வளையல் போடுறது, நலங்கு வைக்கிறதுலயெல்லாம் நம்பிக்கை கெடையாதே. அந்த நேரத்துக்கு வரச்சொல்லி நான் கட்டாயப்படுத்தலை தாயி. சாப்பாட்டுக்காச்சும் வந்துருங்க."

நான் பிறந்து வளர்ந்த வீடு அது. அங்கே சாப்பாட்டுக்கு வரச்சொல்லி அழைப்பு.

"பாக்குறேன் அத்தை" என்று வைத்துவிட்டேன். திருச்சியில் நான் தங்கியிருக்கும் ஹாஸ்டல் அறையில் உட்கார்ந்து இந்த அத்தியாயத்தை எழுதினேன். எழுதி முடித்து முதலில் பிரபுவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். பவித்ராவிடம் நீயே முதலில் சொல்லிவிடு, இரண்டு வாரம் கழித்துத்தான் அச்சுக்குக் கொடுப்பேன் என்று கீழே எழுதினேன். படித்துவிட்டான் என்று இரண்டு நீலக் கோடு காட்டியது. பதில் வரவில்லை. இரண்டு வாரம் முடிந்துவிட்டது.

அத்தை, உங்கள் வீட்டில் இந்த இதழ் வாங்குகிறீர்கள் என்று பவித்ரா சொல்லியிருக்கிறாள். அதனால் இங்கேயே சொல்கிறேன். முடிச்சுப் போட மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. நான் போட வேண்டாம் என்று முடிவு செய்தபோது என்னை யாரும் கேட்கவில்லை. பந்தியில் உங்களிடம் சொன்னது பொய்.

சாப்பாட்டுக்கு நான் வர மாட்டேன். வந்தால் பவித்ரா கையில் வளையல் போடத்தான் வருவேன். வரலாமா கூடாதா என்று நீங்களே எனக்குப் போன் செய்து சொல்லுங்கள். எங்கள் வீட்டு ஆட்களிடம் சொல்லி அனுப்பாதீர்கள்.